இளவரசி இல்லை, வேலைக்காரி

என் கணவரின் வீட்டில் ஒரு இளவரசி இருந்தாள். முந்நூறு வருடத்துக்கு முந்தியவள், அமெரிக்கப் பழங்குடிப் பெண், ஏதோ ஒரு தலைவனின் மகள், இடுப்புவரை கூந்தல். இவர் பிறந்த மேரிலாந்து ஊரில் கலியாண வீடென்றாலும் செத்தவீடென்றாலும் யாராவது ஒருவர் அவளைக் கதைக்குள் இழுத்து வந்துவிடுவார்கள். அமெரிக்கக் கறுப்புக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு ‘இந்திய இளவரசி’ இருப்பாள், தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று இவர் சொல்லுவார். ஆனால் எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அவளை நித்திரையாக்கச் சொன்னதும் அந்த இளவரசியின் கதையைத்தான்.

அந்த இளவரசியை இல்லாமல் ஆக்கியது நாங்கள். லண்டன் லூயிஷாமில், எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இருபது சொச்சம் வயதில் வெளிக்கிட்டவள். கனடாவுக்கு என்று சொல்லிக் கூட்டிவந்த ஏஜென்ட், லண்டன் விமான நிலையத்தில் என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, “ஒரு நிமிசம், வாறன்” என்று போனவர். போனவர்தான். அப்போது ஜெர்மனியில் இருந்த என் அண்ணை, தங்கச்சி தனியாக நிற்கிறாள் என்பதற்காகவே பிறகு அங்கே இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். அப்டன் பார்க்கில் கடை போட்டார். என்னைப் படிக்கவைத்தார். நான் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைவிட அவருக்குத்தான் சந்தோசம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு லிப்ட் திருத்த வருகிற அமெரிக்கர்தான் இவர். சத்தமில்லாத மனிதர். இவரைத்தான் கட்டப்போகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணை கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்களையும் பாராமல், “கறுவலையோ கட்டப்போறாய்? அப்ப இந்த வாசலில கால் வைக்காதே” என்றார்.

நான் கால் வைக்கவில்லை. பதிவுத் திருமணம் செய்தோம். என் பக்கத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. மகள் பிறந்தபோது அண்ணை ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார். அதோடு அவரளவில் பிரச்சினை தீர்ந்துபோனது. என் மகளில் அவருக்கு உயிர். ஆனால் குடும்பத்து விசேடங்களில் படம் எடுக்கிற நேரம் வந்தால், இவரின் கையில் கமராவைக் கொடுத்துவிடுவார். “நீங்கள் வடிவா எடுப்பீங்கள்” என்பார். அதனால் எங்கள் சொந்தக்காரரின் படங்கள் எதிலும் இவர் இல்லை.

போன மாரிக் குளிரில் இவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். நாள் முழுதும் கதிரையில் இருந்து சலித்துப்போனார். அதே நேரம் மேரிலாந்தில் இருந்து அன்ரியின் தொலைபேசி வந்தது. அன்ரி என்றால் இவரின் தகப்பனுடைய தங்கை. தாய் செத்தபிறகு இவரை வளர்த்தவர். வருகிற கோடையில் அவருக்குத் தொண்ணூறு வயது. குடும்பம் முழுதும் ஓரிடத்தில் கூடுவதென்றும், ஒவ்வொருவரும் தங்களால் இயன்ற அளவு பழைய கதைகளைத் தேடிக்கொண்டு வரவேண்டும் என்றும் அவர் கட்டளை போட்டிருந்தார். இவர் கணினியை எடுத்து மேசையில் வைத்தார்.

பெரும்பாலான அமெரிக்கக் கறுப்புக் குடும்பங்களுக்கு, அடிமைத்தனம் ஒழிந்த காலத்துக்கு அப்பால் தேடிப்போக ஏலாது. அதற்கு முன்னால் மனிதருக்குப் பெயர் எழுதுவதில்லை. மாடு கன்று போலத் தொகை மட்டும்தான். ஆனால் இவருடைய தகப்பன் வழி அப்படி இல்லை. அதற்கும் முந்தி, அதற்கும் முந்தி, அந்த வழியில் வந்தவர்கள் பெயரோடு, ‘சுதந்திரமானவர்கள்’ என்ற குறிப்போடு இருந்தார்கள். எப்படி என்று இவருக்கு விளங்கவில்லை. அந்த வழியில் ஒவ்வொருவரின் தாயையும் தேடிப் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். இவர் கூப்பிட்டார்.

“இதை வந்து பார். ‘இந்தியன்’ என்று இருக்கிறது. ஆனால் முன்னால் இன்னொரு சொல்.”

அந்த ஊர் நீதிமன்றத்தின் பழைய வழக்குப் பதிவு ஒன்றின் படம். கோழி கிளறியதுபோல எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ‘கிழக்கிந்தியப் பெண்’.

“இது உங்கட பக்கத்து இந்தியன் இல்லை,” என்றேன். “எங்கட பக்கத்து இந்தியன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மிச்சத்தை வாசித்தோம். மீன் கருகிப்போனது.

அவள் சோழமண்டலக் கரையில் பிறந்தவள். அங்கே வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தங்கள் பிள்ளையைப் பார்க்க அவளைக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டுவந்தது. பிள்ளை வளர்ந்த பிறகு அவள் தேவைப்படவில்லை. ஊருக்குப் போகிற கப்பல் என்று சொல்லி ஒரு கப்பற்காரனிடம் அவளை ஒப்படைத்தார்கள். கப்பல் ஊருக்குப் போகவில்லை. மேரிலாந்துக்குப் போனது. அங்கே புகையிலைத் தோட்டக்காரன் ஒருவனுக்கு, சில வருட வேலைக்கென்று அவளை விற்றுவிட்டான் கப்பற்காரன். சொன்ன வருடங்கள் முடிந்தன. தோட்டக்காரன் விடவில்லை. இவள் கறுப்பு, கறுப்பென்றால் அடிமை, அடிமைக்கு வருடக்கணக்குக் கிடையாது என்றான்.

அவள் நீதிமன்றத்துக்குப் போனாள்.

ஊருக்குப் போகிற கப்பல் என்ற இடத்தில் எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. அந்த விமான நிலையத்துக் கதிரை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு, அகதி விசாரணை நடந்த ஒரு சின்ன அறைக்குள், “நீ சொல்லுவதை நான் ஏன் நம்பவேண்டும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்ட அதிகாரியின் முகம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவளும் அப்படித்தான் நின்றிருப்பாள். அவளுக்கு மொழிபெயர்க்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

முதல் தடவை நீதிமன்றம் அவளைத் தோட்டக்காரனிடமே திருப்பி அனுப்பியது. அவள் விடவில்லை. அடுத்த தடவை போகும்போது, அதே கப்பலில் வந்து அந்தக் கரையிலேயே தங்கிவிட்ட ஒரு தச்சனைக் கூட்டிக்கொண்டு போனாள். இவள் வேலைக்காரியாகத்தான் கப்பல் ஏறினாள், அடிமையாக இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். அவளை விடுதலை செய்தார்கள். ஆனால் அதற்குள் அவளுக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அடிமையாக இருந்த ஆபிரிக்க மனிதன்தான் தகப்பன். குழந்தையைத் தரமாட்டேன் என்றான் தோட்டக்காரன். மூன்றாவது தடவையும் போனாள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பதுதான் அங்கத்தைய சட்டம். நான் அடிமை இல்லையென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் என் பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறாள். பிள்ளையை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்தான் என் வீட்டில் கால் நீட்டிக்கொண்டு இருந்த மனிதர். அது சரிதானா என்று வாரக்கணக்காக ஒவ்வொரு தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். சரிதான். அவளுக்கு ஒரு இங்கிலிஷ் பெயர் எழுதியிருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. அது அவளின் பெயர் இல்லை, யாரோ வைத்தது.

அன்ரிக்கு வீடியோவில் சொன்னோம். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் சொல்லி முடித்ததும், “வேலைக்காரியா?” என்றார்.

“ஓம் அன்ரி.” இவருக்கு எங்கள் ஊர் ‘ஓம்’ வாயில் ஒட்டிப்போய்விட்டது, அவசரத்தில் இங்கிலிஷுக்குள்ளும் வரும்.

“வேண்டாம். நம் வீட்டில் வேலைக்காரர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். அடிமைகளும் இருக்கிறார்கள். என் அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் துணி தோய்த்தாள். ஒருத்தியையாவது இளவரசியாக விட்டுவையுங்கள்.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்ரி சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. திரையை என் பக்கம் திருப்பினேன்.

“அன்ரி, இளவரசியாக இருந்திருந்தால் அவளுக்காக வேறு யாராவது கதைத்திருப்பார்கள். இவளுக்கு ஒருவரும் இல்லை. தானே போனாள். திருப்பி அனுப்பினார்கள். திரும்பவும் போனாள். பிறகு பிள்ளைக்காகவும் போனாள். அவள் போகாமல் இருந்திருந்தால் உங்கள் அப்பாவின் அப்பா யாருடைய சொத்தாகப் பிறந்திருப்பார்?”

அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “உன் பெண்டாட்டி சண்டைக்காரி,” என்று இவரிடம் சொன்னார். யோசிக்கிறேன் என்று சொல்லித் தொடர்பை வெட்டினார்.

அண்ணைக்கு விசயத்தைச் சொன்னது மகள். அவளுக்கு மாமாவிடம் சொல்லாமல் எதுவும் இருக்காது. அன்று பின்னேரமே அண்ணையின் அழைப்பு வந்தது. இவ்வளவு உற்சாகமாக அவர் குரலை நான் வருடக்கணக்காகக் கேட்கவில்லை.

“தங்கச்சி, மெய்யோ? முந்நூறு வருசத்துக்கு முதலே அமெரிக்காவில எங்கட ஆளோ? ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?”

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் அவர் இருக்கிறார். பொங்கல் விழாவில் நான் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்றார். எனக்கும் விருப்பம்தான். சரி என்றேன். அடுத்த கிழமை, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வீட்டுக்கு வந்தார். இவர் அப்போது பிசியோதெரபிக்குப் போயிருந்தார்.

“தமிழச்சி எண்டு உறுதியாச் சொல்லு,” என்றார் அண்ணை.

“தெரியாது அண்ணை. அந்தக் கரையில தெலுங்கு ஆக்களும் இருந்தவை.”

“சோழமண்டலம் எண்டால் தமிழ்தானே. ஆர் வந்து பாக்கப்போகினம்? இன்னொண்டு, வேலைக்காரி எண்ட கதையை எடுக்காதே. பிள்ளையள் கேக்குங்கள். வணிகர் குடும்பத்தோட போனவ எண்டு சொல்லு. அது பொய்யும் இல்லை.”

நான் தேத்தண்ணியை வைத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “மேடையில நீயும் மகளும் மட்டும் காணும். அவரை முன் வரிசையில இருத்துவம்,” என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது.

“அண்ணை, அவ எனக்கு ஒண்டும் இல்லை. எனக்கும் அவவுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. உங்களுக்கும் இல்லை. அவ அவருக்குத்தான் பாட்டி.”

“அது தெரியும்...”

“தெரிஞ்சால் என்னண்டு அவரைக் கீழ இருத்திப்போட்டு என்னை மேடையில ஏத்துவீங்கள்?”

“சனத்துக்கு விளங்காது, பிள்ளை.”

“விளங்கப்படுத்துறன்,” என்றேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. பின்னால் பொங்கலும் வடையும் வரிசைக்குத் தயாராக இருந்தன. ஒரு நடனம், ஒரு நாடகம் முடிந்தபிறகு அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். “அமெரிக்க மண்ணை முதன்முதலில் மிதித்த தமிழ்க் குலமகளைப் பற்றி எனது தங்கை உரையாற்றுவார்” என்றார். கைதட்டினார்கள். நான் எழும்பி, முன் வரிசையில் இருந்த இவரின் கையைப் பிடித்தேன். இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு மேடைப் படிகளில் மெல்ல மெல்ல ஏறினார். கைதட்டல் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவள் தமிழோ தெலுங்கோ தெரியாது என்றேன். வேலைக்காரி என்றேன். ஏமாற்றிக் கப்பல் ஏற்றினார்கள் என்றேன். அங்கே இருந்த பெரியவர்களில் பாதிப் பேரை யாரோ ஒருவன் அப்படி ஏற்றியிருப்பான். அவளின் பிள்ளைக்குத் தகப்பன் ஒரு ஆபிரிக்க அடிமை என்றேன். அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர் இவர், என் கணவர், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக லூயிஷாமில் உங்கள் நடுவில் இருக்கிறார் என்றேன்.

அண்ணை மேடை ஓரத்துக்கு வந்து மெதுவாக, “காணும், முடி தங்கச்சி,” என்றார்.

“முடியேல்லை அண்ணை,” என்றேன். ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் கேட்டது.

மூன்றாவது தடவை அவள் நீதிமன்றம் போனதையும் சொல்லி முடித்தேன். கேள்வி ஏதும் உண்டா என்றேன். நடு வரிசையில் ஒரு வயதான ஐயா எழும்பினார். கழுத்தில் சால்வை, நெற்றியில் திருநீறு.

“பிள்ளை, அவ என்ன ஆக்கள்?”

எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சாதியைத்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் விளங்காது. என் காது சுட்டது.

“ஐயா,” என்றேன், “அவவை வாங்கினவனும் இதைத்தான் கேட்டவன். ஆரின்ர ஆள், என்ன ஆள் எண்டு. நான் ஒருத்தரின்ர ஆளும் இல்லை எண்டு அவ கோர்ட்டில சொன்னவ. நீங்கள் கேட்டாலும் அதுதான் மறுமொழி.”

அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். சிலர் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிப் போனார்கள். முன்னால் இருந்த இளம்பெண்கள் சிலர் கைதட்டினார்கள். என் மகள் எழும்பி நின்று, விரலை வாய்க்குள் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு அது தகப்பன் பழக்கியது.

சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர் எங்களை மறித்தார். தன் மகள் ஸ்ட்ரெதமில் ஒரு ஜமேக்காப் பெடியனோடு இருக்கிறாள், தான் அவளோடு கதைப்பதில்லை என்றார். என்னிடம் சொன்னாரே தவிர, பார்த்துக்கொண்டிருந்தது இவரைத்தான். கடைசியில் இவரிடமே கேட்டார்: “நீங்கள் எங்கட சாப்பாடு சாப்பிடுவீங்களோ?”

“சாப்பிடுவன்,” என்றார் இவர் தமிழில். “இண்டைக்கு உறைப்புக் காணாது.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். மகளிடம் போனாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணை அதன் பிறகு எங்களோடு கதைக்கவில்லை. இனிமேல் பேச வருகிறவர்கள் தங்கள் பேச்சை முன்கூட்டியே காட்டவேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போய் ஒருவரிடமும் சமாதானம் சொல்லவில்லை.

மாசி முடிகிற நேரம் மேரிலாந்தில் இருந்து ஒரு பொதி வந்தது. பிரித்தால் மூன்று மஞ்சள் டி-சேர்ட்டுகள். குடும்ப ஒன்றுகூடலுக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிப்பது அவர்களின் வழக்கம். ஒவ்வொரு முறையும் முதுகில் ஏதாவது எழுதுவார்கள். போனமுறை பைபிள் வசனம். இந்த முறை அன்ரி எழுதக் கொடுத்திருந்தது ஒரே வரி: ‘எங்கள் பாட்டி வழக்குப் போட்டவள்’. எனக்கு அனுப்பியது இரண்டு அளவு பெரிது. அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டே லூயிஷாம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிவந்தேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ஒரு அறிவித்தலும் இல்லாமல் அண்ணை வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். இவரும் அங்கே இருந்தார்.

“சபையில என்னை வெக்கப்படுத்திப்போட்டாய்,” என்றார் என்னைப் பார்த்து.

“ஓம்.”

“குழுவிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை முடிஞ்சுது.”

“கேக்கமாட்டன்.”

“நான் உனக்காக எவ்வளவு...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அவர் எனக்காகச் செய்தது எனக்குத் தெரியும். அதற்கு என் மறுமொழியை மாற்ற ஏலாது.

தேத்தண்ணி வந்தது. பிறகு அண்ணை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கமராவை நீட்டாமல் இவரின் பக்கம் திரும்பி, இங்கிலிஷில் ஒரு கேள்வி கேட்டார்.

“பிறகு அவள் ஊருக்குத் திரும்பிப் போனாளா?”

“இல்லை,” என்றார் இவர். “அங்கேயே, அந்தத் தோட்டக்காரனின் வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டுக் காணியில் இருந்திருக்கிறாள். பன்றி வளர்த்திருக்கிறாள். பன்றி வேலியை உடைத்துக்கொண்டு அவனுடைய புகையிலைக்குள் போகிறதென்று அவன் முறைப்பாடு வைத்திருக்கிறான். அதைக் கேட்கப் போனவனை, தேவாலய வாசலில், ஊர்ச் சனத்துக்கு முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறாள். எழுதத் தகாத வார்த்தைகள் என்று மட்டும் இருக்கிறது. என்ன வார்த்தை என்று இல்லை.”

அண்ணையின் மீசை துடித்தது. அடக்கப் பார்த்தார், ஏலவில்லை. “தமிழிலயோ பேசினவள்?” என்று என்னிடம் கேட்டார்.

“தெரியாது அண்ணை.”

“தமிழில எண்டால் இதைத்தான் சொல்லியிருப்பாள்,” என்று ஒரு சொல்லைச் சொன்னார். எங்கள் அப்பா இருந்திருந்தால் அவருக்கு அடி விழுந்திருக்கும். இவர் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிழையாக வந்தது. ‘ழ’ வரவில்லை. அண்ணை முன்னால் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, நாக்கை எப்படி மடிக்கவேண்டும் என்று இவருக்குக் காட்டினார். இரண்டு கிழட்டு ஆண்கள் என் சாப்பாட்டு மேசையில் இருந்து மாறி மாறித் தூசணம் கதைத்தார்கள்.

அண்ணை போகும்போது இருட்டவில்லை. ஆனால் காற்று ஊசிபோலக் குத்தியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, “அப்ப குழுவுக்கு நான் என்னத்தைச் சொல்ல?” என்றார்.

“நான் மாட்டன் எண்டு சொல்லுங்கோ,” என்றேன். “இப்ப கதவைச் சாத்துங்கோ அண்ணை, குளிருது.”